பதகளிப்புக்கு மாத்திரை தந்திருக்கிறார்களா? மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணம் தெரியாத பயம், படுத்தால் தூக்கம் வராமை. இப்படி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பலர் சின்னஞ்சிறு மாத்திரைகள் போட்ட கடதாசி உறையோடு வீடு திரும்புகிறார்கள். அன்றைக்கே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கேட்கிற மருந்தை ஏன் விடுவது என்று மாதங்கள் போகின்றன, வருடமும் போகிறது. பிறகொரு நாள் மாத்திரை தீர்ந்து, மழைக்குப் பஸ்ஸும் ஓடாமல், உடம்பு உதறத் தொடங்கும்போதுதான் இது வெறும் தூக்க மாத்திரை இல்லை என்று தெரிய வருகிறது.

டயஸபாம், அல்பிரசோலாம் போன்ற இந்த மருந்துகள் கெட்டவை அல்ல. சரியான ஆளுக்கு, சரியான அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் பெரிய உதவி. ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தொடங்கும் அன்றே எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். தொடங்கிய பிறகு உங்கள் பாட்டில் திடீரென நிறுத்தாதீர்கள்.

முதலிலேயே ஒன்று: வலிப்பு நோய்க்காகக் குளோனசெபாம், குளோபசாம் எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டாம். மருந்து அதே வகைதான், ஆனால் அவர்களின் சிகிச்சையும் கால அளவும் முற்றிலும் வேறு.

1. போகுமுன் எடுத்து வைக்க வேண்டியவை

அடையாள அட்டை. பழைய கிளினிக் கொப்பி எதுவாக இருந்தாலும் (பிரஷர், சீனி, ஆஸ்துமா எல்லாம்). வாட்டில் இருந்து வந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட். கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதை எழுதிய அட்டை.

இவற்றை விடப் பெறுமதியானது, வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோவது. தோட்ட டிஸ்பென்சரியில் தந்தது, டவுன் பாமசியில் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, அரிஷ்டப் போத்தல், எல்லாவற்றையும். 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்று சொன்னால் எந்த டொக்டராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு துண்டுக் கடதாசியில் இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, கிழமைக்கு எத்தனை தடவை வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தேத்தண்ணி. கடைசிக் கேள்வி சும்மா இல்லை. சாயம் கடுமையாகப் போட்ட பிளேன்டியை மாலை வரை குடிப்பவருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் அதனாலேயே கூடும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்திப் பார்ப்பதற்கு எந்தச் சீட்டும் வேண்டாம்.

2. எங்கே போவது, என்ன செலவு

தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் ஈ.எம்.ஏ.யிடம் (தோட்ட மருத்துவ உதவியாளரிடம்) முதலில் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் இந்த வகை மருந்தை அங்கேயே தொடங்கச் சொல்லிக் கேட்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய பெரிய வைத்தியசாலைகளில் உளநல கிளினிக் நடக்கிறது. ஹட்டன் பக்கத்தவர்கள் டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும், பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தவர்கள் தியத்தலாவையிலும் கிளினிக் எந்த நாள் என்று ஓ.பி.டி.யில் விசாரிக்கலாம். சில இடங்களில் உளநல வைத்திய அதிகாரி குறிப்பிட்ட நாளில் மட்டும் வந்துபோவார். நாள் தெரியாமல் போனால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், வீண்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். உண்மையான செலவு பஸ் காசு, பகல் சாப்பாடு, இழக்கும் சம்பளம். நம்பர் எடுப்பதற்குக் காலையிலேயே நிற்க வேண்டும், மருந்து கைக்கு வரப் பகல் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுப் போங்கள். மருந்து கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். அப்போது மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கம்பனிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாமசிக்குப் போனால் விலை கூடியதையே கையில் வைப்பார்கள். அரச மருந்துக்கடையான ஒசுசல கிட்ட இருந்தால் அங்கே விலையைக் கேட்டுவிட்டு மற்ற இடத்துக்குப் போகலாம்.

தனியாரிடம் சனல் பண்ணினால் டொக்டர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம், மருந்து என்று மூன்றும் தனித்தனி. முன்பதிவு செய்யும்போதே முதல் இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். தனியார் டொக்டர் தந்த சீட்டையும் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவையுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் ஒரே வகை மருந்து வாங்கி, இரட்டிப்பாகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தோட்ட ஒபிசுக்குக் காட்டத் துண்டு தேவையென்றால், கிளினிக் வந்ததாக மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். என்ன நோய், என்ன மருந்து என்பதைக் கங்காணிக்கோ துரைக்கோ காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

3. டொக்டரிடம் மறைக்கக் கூடாதவை

குடி. முதலில் சொல்ல வேண்டியது இதுதான். சாராயமோ கசிப்போ, கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். புருசன் பக்கத்தில் நிற்பதால் மனைவி சொல்லாமல் விடுவது, மகன் கூட வந்ததால் அப்பா மறைப்பது, இரண்டும் ஆளைக் கொல்லக்கூடிய மறைப்புகள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் அனுமதிப்பார்கள்.

அடுத்து: ஆஸ்துமா, நாட்பட்ட இருமல், இரவில் பெரிய குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும், ஈரல் வருத்தம், கர்ப்பம் அல்லது கர்ப்பத்துக்கான முயற்சி, முன்பு எப்போதாவது சாக நினைத்தது. காச நோய் மருந்து குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ரிபாம்பிசின் சேர்ந்தால் இந்த மருந்துகள் பலவற்றின் வேலை குறைந்துபோகும்.

சிங்களத்தில் சொல்லத் தடுமாறினால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாய் உள்ளதைச் சொல்வாள்? தமிழ் தெரிந்த நர்ஸ் அல்லது உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மருந்து எழுதுமுன் தைரொயிட், இரத்தக் குறைவு, சீனி ஆகியவற்றுக்குச் சோதனை செய்ய வேண்டுமா என்றும் கேளுங்கள். தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஆஸ்துமாப் பம்பை அளவுக்கு மேல் அடித்தாலும் கை நடுங்கும். இவற்றுக்குத் தூக்க மாத்திரை மருந்தல்ல.

4. உங்கள் உறைக்குள் இருப்பது எது

பதகளிப்புக்குத் தரும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் எதையும் பின்பற்ற முடியாது.

உடனே கேட்பவை: டயஸபாம், குளோனசெபாம், அல்பிரசோலாம், லோரசெபாம், குளோர்டயசிபொக்சைட். ஒரு மணித்தியாலத்துக்குள் அல்லது அதற்குச் சற்றுக் கூட எடுத்து வேலை காட்டும். பழக்கமாகிவிடும் ஆபத்து இவற்றில்தான். வழக்கமாக இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் மருத்துவ வழிகாட்டல், குறைத்து நிறுத்தும் காலமும் அதற்குள்ளேயே அடங்கும். அதற்கு மேல் தொடர்ந்து எழுதினால், ஏன் என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மெல்லக் கேட்பவை: செர்ட்ரலின், புளுஒக்சட்டின், எசிட்டலோபிராம். இவை பழக்கமாகும் மருந்துகள் அல்ல, பதகளிப்புக்கு அடிப்படைச் சிகிச்சை இவைதான். ஆனால் குணம் தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை ஆகும். முதல் ஒன்றிரண்டு கிழமையில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு கூடுதலும் வரும். இந்த இடத்தில்தான் பலர் 'இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று தூக்கிப் போட்டுவிட்டு, உடனே கேட்கும் மாத்திரையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். இளம் பிள்ளைகள் இந்த மருந்தைத் தொடங்கினால் முதல் மாதம் வீட்டார் கவனமாக இருக்க வேண்டும். சாகும் எண்ணமோ, இருக்க முடியாத பரபரப்போ தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள். இவற்றையும் திடீரென விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும்.

புரோபிரனோலோல் நெஞ்சுப் படபடப்பையும் நடுக்கத்தையும் மட்டும் அடக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை அடைத்துவிடும். பக்கத்து லயத்தில் ஒருவருக்குக் கேட்டது என்று வாங்கிக் குடிக்கவே கூடாத மருந்து இது.

பிரிகபலின் கெப்சூல் தனியாகச் சொல்ல வேண்டியது. நரம்பு வலிக்கும் சில வேளை பதகளிப்புக்கும் டொக்டர்கள் எழுதுவார்கள். ஆனால் போதைக்காகக் களவாக விற்கப்படுவதும், பொலிஸ் தொடர்ந்து பிடிப்பதும் இதுதான். டவுனில் பையன்கள் உதிரியாக நீட்டும் கெப்சூல் எதுவும் மருந்தல்ல. உங்களுக்குச் சீட்டோடு தந்திருந்தால், பயணம் போகும்போது சீட்டின் பிரதியும் கூடவே இருக்கட்டும்.

5. உறையில் எழுதியிருப்பதை வாசிப்பது

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை அட்டையாகத் தராமல் எண்ணிச் சின்ன உறையில் போட்டுத் தருவது வழக்கம். உறையின் மேல் பேனாவால் கிறுக்கியதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம், அதுவும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். சீட்டில் வரும் குறிகள் இவை: 'மேனே' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு, 'பி.டி.' ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியதைத் தினமும் குடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கவுண்டரை விட்டு நகருமுன் மூன்று விஷயத்தைச் செய்யுங்கள். ஒவ்வொரு உறையிலும் மருந்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மில்லிகிராம் எவ்வளவு என்று கேளுங்கள். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, பாதி மாத்திரைக்கு அரை வட்டம் என்று உறையில் வரைந்துகொள்ளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும்.

மில்லிகிராம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், குளோனசெபாம் 0.5 மில்லிகிராமிலும் வரும், 2 மில்லிகிராமிலும் வரும். போன மாதம் சின்னதில் 'ஒன்று' குடித்தவர் இந்த மாதம் பெரியதில் 'ஒன்று' குடித்தால் நான்கு மடங்கு உள்ளே போகிறது. டயஸபாமும் அப்படியே, 2, 5 என்று வரும். மருந்துக்கு மருந்து மில்லிகிராம் ஒப்பிடவும் முடியாது: அல்பிரசோலாம் அல்லது குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் ஏறத்தாழ டயஸபாம் 10 மில்லிகிராமுக்குச் சமம். 'பொயின்ட் ஐந்துதானே, சின்ன டோஸ்' என்று நினைக்கும் இடத்தில் ஏமாந்துபோவோம்.

6. முதல் கிழமை

இனி வருவது பெரும்பாலும் உடனே கேட்கும் மாத்திரைகளைப் பற்றி. அடுத்த நாள் வேலை இல்லாத ஓர் இரவில் முதல் மாத்திரையைக் குடிப்பது நல்லது. குடித்து இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்று இரண்டாவதைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் கக்கூசுக்குப் போகும் படிக்கட்டில் நிற்கலாம்.

டயஸபாம் உடம்பை விட்டுப் போக நாட்கள் எடுக்கும். தினமும் குடித்தால் நேற்றையதின் மிச்சத்தின் மேல் இன்றையது ஏறும். அதனால் ஐந்தாம் நாள் வரும் மந்தம் முதல் நாளை விடக் கூடுதலாக இருக்கலாம். முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை என்று நம்பிப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், செங்குத்து மலையில் ஈரப் பாறையில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொழுந்துக் கூடையோடு இறங்குபவர்கள், கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள், தேயிலைக்கு மருந்து அடிப்பவர்கள் எல்லோரும் முதல் ஒன்றிரண்டு கிழமைக்குச் சமதள வேலை கேட்டுப் பாருங்கள். ஓட்டோ, லொறி, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள், மந்தம் இருக்கும் வரை ஓட்டக் கூடாது. கண் திறந்திருந்தாலும் பிரேக்கில் கால் போகத் தாமதமாகும். மருந்து குடித்தவருக்கு அந்தத் தாமதம் தெரியாது, அதுதான் ஆபத்து.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை வழக்கமான அளவுதான். சேர்த்துப் போடக் கூடாது.

7. கூடச் சேர்க்கக் கூடாதவை

மதுவும் இந்த மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோகலாம். 'காலையில்தானே மாத்திரை, இரவில்தானே குடி' என்ற கணக்கு செல்லாது, மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. கசிப்பில் எவ்வளவு மதுசாரம் என்று காய்ச்சியவருக்கே தெரியாது. அரிஷ்டங்களிலும் புளித்து உண்டாகும் மதுசாரம் இருக்கிறது, வைத்தியரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

குடியை நிறுத்த வாட்டில் சேர்ந்தவர்களுக்குச் சில நாட்களுக்கு டயஸபாமோ குளோர்டயசிபொக்சைட்டோ குறைத்துக் குறைத்துத் தருவார்கள். அது நடுக்கமும் வலிப்பும் வராமல் காக்க. வீட்டுக்கு வந்த பிறகும் அதைத் தொடர்வது, குடிக்குப் பதில் மாத்திரையைப் பிடித்துக்கொள்வது. டயக்னோசிஸ் கார்டில் எத்தனை நாளுக்கு என்று எழுதியிருக்கிறதோ அதோடு நிற்க வேண்டும்.

டிரமடோல், கோடீன் போன்ற கடும் வலி மாத்திரைகளும் மதுவைப் போலவே மூச்சைக் குறைக்கும். கோடீன் கலந்த இருமல் பாணியும் அதில் அடக்கம். தடிமனுக்குத் தரும் பிரிட்டன் மாத்திரை, அதாவது குளோர்பெனிரமின், தூக்கத்தைக் கூட்டும். தடிமனுக்கு ஓ.பி.டி.க்குப் போனாலும் கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய அன்டிபயோட்டிக்கும், பங்கசுக்குத் தரும் கீட்டோகொனசோலும் அல்பிரசோலாமை உடம்பில் தேங்கவைக்கும். செர்ட்ரலின் வகையோடு டைக்குளோபினக், புரூபன் போன்றவற்றை நாள்கணக்கில் குடித்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். முதுகுவலிக்கு இவற்றைத் தினமும் விழுங்கும் நம் பெண்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

8. கர்ப்பிணிகளும் வயதானவர்களும்

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் மிட்வைஃபிடமும் கிளினிக்கிலும் சொல்லுங்கள். பயந்து அன்றே மாத்திரையை வீசிவிடாதீர்கள், திடீர் நிறுத்தம் தாய்க்கும் ஆபத்து. டொக்டர் படிப்படியாகக் குறைப்பார் அல்லது மாற்றுவார். கடைசி மாதங்களில் இம்மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் பிள்ளை துவண்டு, பால் குடிக்கச் சோம்பி, மூச்சு விடச் சிரமப்பட்டுப் பிறக்கலாம். பிரசவ வாட்டுக்குத் தெரிந்திருந்தால் அதற்கு ஆயத்தமாக இருப்பார்கள். கர்ப்பிணி அட்டையில் மருந்தின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாயும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

வயதானவர்களுக்கு அளவு இளையவரின் பாதியாக இருப்பதே வழக்கம். அப்பப்பாவுக்கு இரவில் தடுமாற்றம், நேற்று நடந்தது மறத்தல், காலையில் பேச்சுக் குழறல் என்றால் 'வயசாகிறது' என்று விடாதீர்கள், முதலில் மாத்திரை உறையைப் பாருங்கள். இருட்டில் வெளிக் கக்கூசுக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது பலரைப் படுக்கையிலேயே போட்டுவிடும்.

9. வீட்டில் வைப்பது

ஒரே காம்பரா, ஒரே இராக்கை, நான்கு பிள்ளைகள். அதனால் பூட்டு வேண்டும். மூடி இறுக்கமான ஒரு டின், அதை வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டி. உறையோடு வைக்க வேண்டும், கொட்டிக் கலக்கக் கூடாது. அடுப்புக்கு மேலே வைத்தால் புகையும் ஈரமும் பட்டு மாத்திரை பொடியாகும்.

யாருக்காவது சாகும் எண்ணம் இருந்தால், அல்லது முன்பு சாகவென்று மருந்து குடித்த ஆள் வீட்டில் இருந்தால், மாத்திரைகள் நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கட்டும். அன்றன்றைக்குரியதை மட்டும் கொடுங்கள். ஒரு மாதத்துக்குப் பதில் ஒரு கிழமைக்கு மட்டும் மருந்து தரச் சொல்லியும் கிளினிக்கில் கேட்கலாம். அலைச்சல் கூடும், ஆனால் உயிர் பெரிது.

பக்கத்து வீட்டில் சாவு, அந்த அம்மா அழுதுகொண்டே இருக்கிறார் என்று உங்கள் மாத்திரையில் ஒன்றை எடுத்துக் கொடுப்பதை நம்மவர்கள் அன்பாகச் செய்கிறார்கள். செய்யாதீர்கள். அவருக்கு என்ன வருத்தம், வேறென்ன குடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மிச்ச மாத்திரைகளை ஓடையில் கொட்டாமல் ஆஸ்பத்திரிப் பாமசியில் திருப்பிக் கொடுங்கள்.

10. தீர்ந்துபோகாமல் பார்ப்பது

கிளினிக் நாளுக்குச் சரியாக மருந்து முடியும்படி தருவார்கள். மலைநாட்டில் அது போதாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண் சரிந்து பாதைகள் அடைபட்டபோது கிளினிக் போக வழியில்லாமல் போனது. ஐந்தாறு நாள் மேலதிகமாகத் தர முடியுமா என்று மழைக்காலம் வருமுன் கேளுங்கள். தந்தால் அது பாதை அடைபடும் நாளுக்கு மட்டும்.

கிளினிக் தவறினால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். கொப்பியோடு அடுத்த கிளினிக் நாளிலோ, இல்லையென்றால் கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யிலோ போய், இன்ன மருந்து இத்தனை மாதமாக எடுக்கிறேன், இன்றோடு முடிகிறது என்று சொல்லுங்கள். சீட்டில்லாமல் பாமசியில் கேட்டு வாங்கும் பழக்கத்தைத் தொடங்கினால் அளவைப் பார்க்க ஆளில்லாமல் போய்விடும்.

11. நிறுத்துவது

சில கிழமைகளுக்கு மேல் தினமும் எடுத்தவர் திடீரென விட்டால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, முன்பை விட மோசமான பயம் வரும். சிலருக்கு வலிப்பும், இல்லாததைக் காண்பதும் வரும். அல்பிரசோலாம், லோரசெபாமில் இது ஒன்றிரண்டு நாளிலேயே தொடங்கும். டயஸபாமில் ஒரு கிழமைக்கு மேலும் தாமதித்து வரும், அதனால் 'விட்டு நாலு நாள் ஆகிறது, ஒன்றுமில்லை' என்று நம்பக் கூடாது. இந்தப் பயத்தைப் பழைய வருத்தம் திரும்பி வந்ததாக நினைத்து மறுபடி முழு அளவுக்குப் போவதுதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்.

டொக்டரோடு பேசிக் குறைக்கும் முறைக்கு ஓர் உதாரணம்: நெடுநாளாக இரவில் டயஸபாம் 10 மில்லிகிராம் எடுப்பவருக்கு, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒரு முறை 1 மில்லிகிராம் குறைக்கலாம். 5, 2 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டும் கையில் இருந்தால் இது எளிது. 9 என்றால் ஐந்தில் ஒன்றும் இரண்டில் இரண்டும். 8 என்றால் இரண்டில் நான்கு. 7 என்றால் ஐந்தில் ஒன்றும் இரண்டில் ஒன்றும். 3 என்றால் இரண்டில் ஒன்றரை. கடைசிப் படிகள்தான் கஷ்டம், அங்கே 0.5 ஆகக் குறைப்பார்கள். மொத்தம் ஐந்து முதல் பத்து மாதம், சில வேளை அதற்கு மேலும் போகலாம். அவசரமே இல்லை. ஒரு படியில் தாங்க முடியவில்லை என்றால் அதே அளவில் இன்னும் இரண்டு கிழமை நிற்கலாம், பின்னோக்கி ஏறுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். அல்பிரசோலாம், லோரசெபாம் எடுப்பவர்களை முதலில் டயஸபாமுக்கு மாற்றிவிட்டுக் குறைப்பதும் உண்டு, அந்தக் கணக்கை டொக்டர்தான் போட வேண்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். உடம்பில் மருந்தின் அளவு ஏறி இறங்கி, விட்ட நாளெல்லாம் வேதனையாக இருக்கும். கோடு போட்ட மாத்திரையைக் கோட்டில் பாதியாக்கி, மற்றப் பாதியை அடுத்த நாளே குடித்து முடியுங்கள். தீபாவளி, திருவிழா, வீட்டில் கல்யாணம் நடக்கும் மாதத்தில் புதிய படி எடுக்க வேண்டாம். கிளினிக்கில் ஆலோசனை, மூச்சுப் பயிற்சி போன்ற மருந்தில்லாச் சிகிச்சை இருக்கிறதா என்று இந்தக் காலத்தில் கேளுங்கள், குறைப்பதற்கு அது பெரிய பிடிமானம்.

12. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள்

கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் கிளினிக்கில் மாற்றுக் கடிதம் வாங்கிப் போக வேண்டும். கடிதம் இல்லாமல் புதிய இடத்தில் மருந்து கேட்டால் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். டயஸபாம், அல்பிரசோலாம், குளோனசெபாம், பிரிகபலின், டிரமடோல் ஆகியவை ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே கைதாகலாம். டொக்டரின் ஆங்கிலக் கடிதம், சீட்டின் பிரதி, அட்டையோடு கூடிய மருந்து, அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் அனுமதி, நான்கும் வேண்டும். ஏஜென்சிக்காரர் 'பரவாயில்லை, கொண்டு போ' என்று சொல்வது சட்டமாகாது. புறப்படப் பல மாதங்களுக்கு முன்பே டொக்டரிடம் சொன்னால், மெதுவாகக் குறைத்து நிறுத்தவோ வேறு மருந்துக்கு மாறவோ நேரம் இருக்கும்.

13. ஆபத்து வந்தால்

எழுப்பியும் எழும்பாத தூக்கம், மூச்சு மிக மெதுவாதல், உதடு நீலமாதல், மாத்திரையோடு மதுவும் குடித்திருத்தல், நிறைய மாத்திரை விழுங்கியிருத்தல், வலிப்பு: இவற்றில் எது என்றாலும் 1990. அம்புலன்ஸ் இலவசம். பாதை லயத்து வாசல் வரை வராவிட்டால், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், வாகனம் வந்து நிற்கக்கூடிய இடம் எது என்று சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு பாதைக்கு அனுப்புங்கள்.

ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் இருப்பதைத் துடைத்தெடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணி, தேசிக்காய்த் தண்ணி எதுவும் ஊற்றாதீர்கள், அரை மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சைப் பார்த்துக்கொண்டே ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மனசு தாங்கவில்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்றால் 1926. தேசிய உளநல உதவி இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெறும் உறைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், எத்தனை இருந்தது, எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லுங்கள். ஆள் விழித்துப் பேசத் தொடங்கியதும் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்படாதீர்கள். டயஸபாம், குளோனசெபாம் நாள்கணக்கில் உடம்பில் நிற்கும், தெளிந்தவர் மறுபடி மயங்கலாம். வாட்டில் போகச் சொல்லும் வரை இருக்கட்டும்.